மச்சானின் இயற்கை எதிரி

சொட்டு தன் மச்சானுக்குத் தர வேண்டியிருந்தது ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். அதற்கு வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாக மச்சான் தினமும் சாயங்காலம் வந்து சொட்டின் நாற்காலியில் உட்கார்ந்தார். வட்டி என்றால் மாசத்துக்கு ஒரு தடவைதானே வரும் என்று சொட்டு பல நாள் ஏங்கியிருக்கிறான்.

சொட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. தீவின் கிழக்கு ஓரத்துப் பூ நர்சரியில் சொட்டுநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. எந்தக் குழாயில் ஓட்டை, எந்த முனை அடைத்துக்கொண்டது என்று விடிந்ததிலிருந்து குனிந்தே நடப்பான். வேலை முடிந்து நிமிரும்போது முதுகெலும்பு கணுக்கணுவாக முனகும். அந்த முதுகுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த நாற்காலி. பிரம்புச் சட்டம், வளைந்த கைப்பிடி. அடிப்பின்னல் இற்றுப்போனபோது, நர்சரியில் தூக்கிப்போட்ட கறுப்புக் குழாய்களைக் கொண்டுவந்து குறுக்கும் நெடுக்குமாக அவனே பின்னியிருந்தான். உட்கார்ந்தால் ஆளைத் தாங்கித் தாலாட்டும். இப்போது அது மச்சானைத் தாலாட்டியது.

மச்சான், அதாவது சொட்டின் மனைவிக்கு அண்ணன், தீவுக்காரர் இல்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கத்து ஆள். தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. மச்சான் போகவில்லை. கடைத்தெருவில் ஒரு பூச்சிமருந்துக் கடையைப் போட்டு, அதன் பின்னறையிலேயே படுத்துக்கொண்டு, வருஷக்கணக்காக இங்கேயே இருக்கிறார். வந்தபோது ஒல்லி. கதவிடுக்கில் நுழைந்துவிடுவார் என்று பிள்ளைகள் கேலி பேசும். இப்போது கதவுதான் அவருக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும்.

கடன் முளைத்த இடம் சொட்டின் கொல்லையில் இருந்த மிளகாய்ப் பாத்தி. ஒரு நாள் இலைகளெல்லாம் விளிம்பு மேலே மடங்கி ஓடம் மாதிரி ஆகிவிட்டன. பூ கொட்டியது. சொட்டு ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு போய் மச்சானிடம் காட்டினான். மச்சான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இலைப்பேன் மாப்ளே" என்று, ஏதோ நெடுநாள் சிநேகிதனைக் கண்டதுபோலச் சிரித்து, ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். காசு மெதுவாகக் கொடுக்கலாம், சொந்தத்துக்குள் என்ன இருக்கிறது என்றார்.

முதல் பாட்டிலை அடித்த மறுநாள், பாத்தியில் இருந்த சிலந்திகள் செத்துக் கிடந்தன. பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. இலைப்பேன் மட்டும் சௌக்கியமாக இருந்தது. மடிப்புக்குள் பாதி, மண்ணுக்குள் பாதி, இலைச் சதைக்குள் முட்டையாக மீதி என்று ஒளிந்திருந்துவிட்டு, ஊர் அடங்கியதும் வெளியே வந்து பார்த்தால், தட்டிக் கேட்க ஆளே இல்லை. அது பாட்டுக்குப் பெருகியது. இரண்டாவது பாட்டில் இன்னும் காட்டமானது. மூன்றாவதுக்குப் பக்கத்து வீட்டுக் கோழி குடிமாறிப் போனது. ஐந்தாவது பாட்டிலின் மூடியைத் திறந்தபோது சொட்டுக்கே தன் பேர் ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. இலைப்பேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடன் மட்டும் ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பதுக்கு வந்து நின்றது.

அதிலிருந்து மச்சான் சாயங்காலமானால் வந்துவிடுவார். மின்விசிறி எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். சாப்பாடு அங்கேயே வரும். நர்சரியிலிருந்து வரும் சொட்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து தன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பான். கிளம்பும்போது மச்சான் முன்னும் பின்னும் ஆடி, தங்கச்சியை ஒரு கை கொடுக்கச் சொல்லி, புட்டியிலிருந்து தக்கை கழன்ற சத்தத்தோடு எழுந்திருப்பார். நாளாக ஆக ஆட்டமும் கூடியது, தக்கையும் இறுகியது.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், நாற்காலியையே எடுத்துக்கொண்டு கணக்கைக் கழித்துவிடுங்கள் மச்சான் என்று சொட்டு சொல்லிப் பார்த்தான். மச்சான் கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார்.

"இதுவா? விறகுக்குப் போட்டா அம்பது தேறும். அதில்லாம, நாற்காலியை நான் அங்க கொண்டு போயிட்டா, சாப்பாடு இங்கயில்ல இருக்கு?"

இந்தச் சமயத்தில்தான் நர்சரிக்கு ஒரு ஆராய்ச்சிக்காரம்மா வந்தார். தீவுகளில் என்னென்ன இலைப்பேன் இருக்கிறது, அதை எது எது தின்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. வேலையாட்கள் அவருக்குப் பூச்சியம்மா என்று பேர் வைத்தார்கள். அது காதில் விழுந்தும் அவர் கோபப்படவில்லை, குறித்துக்கொண்டார். முதலாளி சொட்டை அவருக்கு ஒத்தாசைக்கு விட்டார். ஏற்கெனவே குனிந்து பழகியவன் என்பதுதான் தகுதி.

வேலை இதுதான். ஒரு வெள்ளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் பூவைத் தட்ட வேண்டும். எழுத்துக்கு மேல் வைக்கிற புள்ளி மாதிரி சின்னச் சின்னதாக விழும். கொஞ்சம் பொறுத்தால் புள்ளிகள் நடக்கும். அவற்றை ஒரு உறிஞ்சு புட்டியால் பிடிக்க வேண்டும். மூடியில் இரண்டு குழாய். ஒன்றைப் பூச்சிக்கு நேரே நீட்டி, வலை கட்டிய மற்றதை வாயில் வைத்து உறிஞ்சினால் பூச்சி புட்டிக்குள் விழும். சொட்டு முதல் நாள் குழாயை மாற்றி வைத்து உறிஞ்சிவிட்டான். பூச்சியம்மா பதறிப்போய், என்ன நிறம் என்று கேட்டார். பார்க்கவில்லை, விழுங்கிவிட்டேன் என்றான். ருசி எப்படி இருந்தது என்று கேட்டு அதையும் குறித்துக்கொண்டார்.

அவர் சொல்லித்தான் சொட்டுக்கு விஷயம் விளங்கியது. இலைப்பேன் என்றால் ஒன்று இல்லை. பூவைச் சுரண்டி உறிஞ்சுவது உண்டு, பட்டுப்போன கிளையில் பூஞ்சையைத் தின்று காலம் தள்ளுவது உண்டு, இலையைச் சுருட்டி அதற்குள்ளேயே குடும்பம் நடத்துவது உண்டு. சில வகை தன் சொந்தக்காரனையே பிடித்துத் தின்னும். கடைசியாகச் சொன்னது சொட்டுக்குப் புதுசாகப் படவில்லை.

தன் மிளகாய்ப் பாத்தியின் கதையைச் சொன்னான். பூச்சியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மருந்தடிப்பதை உடனே நிறுத்தச் சொன்னார். இலைப்பேனைத் தின்ன ஆள் இருக்கிறது, அதையெல்லாம் ஐந்து பாட்டில் செலவழித்துக் கொன்றுவிட்டுக் காலிப் பாத்தியில் இலைப்பேனுக்குப் பந்தி வைத்திருக்கிறீர்கள், கொஞ்ச நாள் சும்மா இருந்தால் தின்கிற ஆள் தானாக வரும் என்றார்.

சும்மா இருப்பது சொட்டுக்குப் பிடித்த வைத்தியம். செலவும் இல்லை. நிறுத்திவிட்டான். மச்சானுக்கு மனத்தாங்கல். தங்கச்சி வீட்டுக்கு வந்து மருந்து விற்காமல் திரும்பிப் போவது அவருக்குப் பழக்கமில்லை. அதனால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மிளகாய் இலைகளின் மேல் குட்டிக் குட்டியாய்க் கறுப்பு எறும்புகள் விறுவிறுவென்று ஓடுவதைச் சொட்டு பார்த்தான். நர்சரியில் வேலை செய்கிற எவனைக் கேட்டாலும் சொல்லுவான்: எறும்பு ஏறினால் பின்னாலேயே சாறு உறிஞ்சும் பூச்சி வரும். பட்ட காலிலேயே படும் என்பது இதுதான். ஆனால் மருந்தடிக்கக் கூடாது என்று உத்தரவு. இரவல் வாங்கி வந்த உறிஞ்சு புட்டி வீட்டில் இருந்தது. சொட்டு பாத்திக்குள் மண்டி போட்டான். உறிஞ்சினான். சாயங்காலம்வரை, கன்னம் ஒட்டிப்போக, செடி செடியாக, இலை இலையாக, ஒன்று விடாமல் உறிஞ்சினான். மனைவி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து உறிஞ்சுகிறார், புருஷன் பாத்தியில் மண்டி போட்டு உறிஞ்சுகிறார், நமக்கு வாய்த்தது இவ்வளவுதான் என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சொட்டு அந்தப் புட்டியை ஜெயித்த கோப்பை மாதிரி ஏந்திக்கொண்டு போய்ப் பூச்சியம்மாவிடம் நீட்டினான். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பக்கத்தில் கவிழ்த்திருந்த ஒரு பூத்தொட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அண்ணே, இது எறும்பு இல்ல."

"பின்ன?"

"இலைப்பேன்."

சொட்டுக்கு உலகமே இலைப்பேனாகத் தெரிந்தது. பூச்சியம்மா கண்ணாடியை அவனிடம் கொடுத்து நிதானமாகக் காட்டினார். உடம்பு கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் அந்த இடம் கண்ணுக்குப் படாமல் இடுப்பு ஒடுங்கி எறும்பு மாதிரியே தெரியும். எறும்பென்றால் கடிக்கும் என்று யாரும் கிட்டே வரமாட்டார்கள். அந்தத் தைரியத்தில் ஓடி ஓடி மற்ற இலைப்பேன்களைப் பிடித்துத் தின்னும். இந்தத் தீவில் இது இருக்கிறதா என்றுதான் அவர் மழைக்காலத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாராம்.

"திருடனைப் புடிங்கன்னா, போலீஸ் ஸ்டேஷனையே புட்டியில அடைச்சுக் கொண்டு வந்திருக்கீங்க" என்றார். அழுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. தனக்கு வேண்டிய சிலதை எடுத்துக்கொண்டு மீதியை உடனே வீட்டுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி, அரை நாள் விடுப்பும் வாங்கிக் கொடுத்தார். சொட்டு வழியெல்லாம் புட்டியைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு, மேடு பள்ளம் பார்த்து நடந்தான்.

அன்றைக்கென்று மச்சான் சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். கொல்லைக் கதவு வழியாக, சொட்டு ஒவ்வொரு செடியிலும் புட்டியைத் தட்டித் தட்டிக் குடிவைப்பதை நாற்காலியில் இருந்தபடியே பார்த்தார்.

"நேத்து பூராப் புடிச்சீங்க. இன்னைக்கு அதையே திருப்பி விடறீங்க. மாப்ளே, மருந்து வாசனை தலைக்கு ஏறினா இப்படித்தான். நம்மகிட்ட அதுக்கும் ஒரு மருந்து இருக்கு."

"கடனாயிருந்தா வேண்டாம்ணே" என்றாள் தங்கச்சி உள்ளேயிருந்து. "இனாமாயிருந்தாலும் வேண்டாம்."

எறும்பு வேஷக்காரர்கள் வேலையைக் காட்டினார்கள். புதுத் தளிர் மடங்காமல் விரிந்து வந்தது. பூ கொட்டாமல் நின்றது. ஆனால் பூ நின்று, காயாகி, காய் பறித்து, விற்றுக் காசாக நாளாகும். மச்சானோ தன் பங்குக்கு ஒரு கெடு வைத்தார். கடைப் பின்னறை ஒழுகுகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் கணக்கு முடியாவிட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடுகிறேன், சொந்தத்துக்குள் எதற்குப் போக்குவரத்து என்றார். சொட்டுக்குச் சோறு இறங்கவில்லை. மாலை நேரம் மட்டும் போன நாற்காலி இனி காலையிலும் போகும், ராத்திரியும் போகும், அப்புறம் பாய் போகும், அப்புறம் வீடே போகும்.

மறுநாள் வேலை நடுவே, இந்தத் தீவில் மட்டும் ஏன் மேடம் இலைப்பேன் இப்படிக் கொழுக்கிறது என்று விரக்தியாகக் கேட்டான். பூச்சியம்மா பூவைத் தட்டிக்கொண்டே சொன்னார். பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்ததுதான். காற்றில் வரும், பூங்கொத்தில் வரும், யாரோ ஒருவருடைய மூட்டையில் வரும். வருகிறது மட்டும் தனியாக வந்துவிடும். அதன் சொந்த ஊரில் அதை அடக்கி வைத்திருந்த எதிரி அதோடு வராது, அங்கேயே தங்கிவிடும். அடக்க ஆளில்லாத ஊரில் வந்தது கொழுத்துப் போகும்.

சொட்டின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது.

அந்தப் பக்கத்து ஊரில் மச்சானுக்கு ஒரு பெண்சாதி உண்டு. சொட்டு அக்கா என்று கூப்பிடுவான். தையல் கடை வைத்திருக்கிறார். தையல் கடையை விட்டுவிட்டு வர முடியாது என்று அவர் அங்கேயும், மருந்துக் கடையை விட்டுவிட்டு வர முடியாது என்று இவர் இங்கேயும் இருக்கிறார்கள். அக்கா எதிரே நின்றால் மச்சான் இரண்டாவது தடவை சோறு கேட்கமாட்டார் என்று கல்யாணத்தன்றே சொட்டு பார்த்திருக்கிறான்.

"அந்த எதிரியை நாமளே கூட்டிக்கிட்டு வந்து விட்டா, மேடம்?"

அது விளையாட்டுக் காரியம் இல்லை என்றார் பூச்சியம்மா. முதலில் பூட்டி வைத்துச் சோதிக்க வேண்டும், அது வேறு எதையெல்லாம் தின்னும் என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பேய்க்குப் பயந்து பிசாசைக் கூப்பிட்ட கதையாகிவிடும். அவர் சொன்னது பூச்சியை. சொட்டு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அண்ணி நம்பர் இருக்கிறதா என்று கேட்டான். அவள் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"கூடப் பொறந்தவருக்கு நான் துரோகம் பண்ண மாட்டேன். நம்பர் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கு. நான் சொல்லலை."

சொட்டு போன் போட்டான். என்ன சொல்லி வரவழைப்பது? கடன் என்று சொன்னால் அது ஆண்கள் விஷயம் என்பார். சாப்பாடு என்று சொன்னால் சொந்தத்தைக் கணக்குப் பார்ப்பதா என்பார். அதனால் பொறிக்குள் வைக்கிற தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரு பொய்யை வைத்தான். மச்சான் ரொம்ப மெலிஞ்சு போயிட்டாருக்கா என்றான். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் சட்டென்று நின்றது. சனிக்கிழமைப் படகில் வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் சொட்டு படகுத்துறையில் போய் நின்றான். அக்கா இறங்கினார். கழுத்தில் அளவு நாடா, கையில் ஒரு பை. சொட்டை மேலிருந்து கீழ்வரை கண்ணாலேயே அளந்தார். சொட்டு தன்னையறியாமல் கைகளைப் பக்கவாட்டில் தூக்கிக் காட்டினான். வழியில் அக்கா அதிகம் பேசவில்லை. என்ன சாப்பிடுகிறார், இருமல் உண்டா என்று மட்டும் கேட்டார். சொட்டுக்குத்தான் பூட்டி வைத்துச் சோதிக்காமல் போனோமே என்று கவலை. அக்கா ஒருவேளை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால்? இரண்டு பேருமாக இங்கேயே தங்கிவிட்டால்?

வீட்டில் மச்சான் நாற்காலியில் இருந்தார். மறுநாள் குடிவருகிற சந்தோஷத்தில் வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார். கொல்லையில் பூச்சியம்மா தட்டும் கையுமாக மிளகாய்ப் பாத்தியில் குனிந்திருந்தார். அவர் தன் எறும்பு வேஷக்காரர்களை நலம் விசாரிக்க வந்தவர்.

"எங்கே அவர்?" என்று வாசலில் அக்காவின் குரல் கேட்டது.

மச்சான் துள்ளி எழுந்தார். நாற்காலியும் அவரோடு எழுந்தது.

வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே, நாலு கால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்க, பாதி குனிந்தபடி அவர் நின்ற கோலத்தை அக்கா ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"மெலிஞ்சு போயிட்டார்னு சொன்னீங்களே தம்பி."

சொட்டு தன் கையை நீட்டிக் காட்டினான். "இந்த வீட்டுல ஒருத்தர் மெலிஞ்சது நிஜம்தான்க்கா."

இழுத்துப் பார்த்தார்கள். சொட்டு நாற்காலியின் காலைப் பிடித்தான், தங்கச்சி அண்ணனின் கையைப் பிடித்தாள், சத்தம் கேட்டு வந்த பூச்சியம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தங்கச்சியின் இடுப்பைப் பிடித்தார். மச்சானும் நாற்காலியும் கூடம் முழுக்க ஒரு வலம் வந்ததுதான் மிச்சம். குழாய்ப் பின்னல் நாள்பட்ட உட்காரலில் தொய்ந்து, அவர் உடம்புக்கு அளவெடுத்ததுபோல் கவ்வியிருந்தது. எண்ணெய் தடவலாம் என்றாள் தங்கச்சி. அக்கா பையைத் திறந்தார். துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்தார்.

வெட்டுவதற்கு முன்னால் நின்றார். அடுத்தவர் துணியில் கத்தரி வைக்கும் முன் விலை பேசிக்கொள்வது அவர் தொழில் வழக்கம்.

"இது உங்க நாற்காலி, தம்பி. வெட்டினா நஷ்டம் எவ்வளவு?"

கூடத்தில் எல்லாரும் சொட்டைப் பார்த்தார்கள். அந்த ஒரு தொகை மட்டும் அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

"ஆறாயிரத்து எண்ணூத்தி நாப்பது ரூபாய்க்கா."

மச்சான் நாற்காலியோடு திரும்பினார். ஒரு கால் அலமாரியில் இடித்தது. "என்னது? விறகுக்குப் போட்டா அம்பது தேறாது இது."

"எனக்கு அவ்வளவு" என்றான் சொட்டு. "காலையில இருந்து குனிஞ்சு வேலை பாத்துட்டு வந்து உட்கார எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான் மச்சான்."

அக்கா இது என்ன கணக்கு என்று நாத்தனாரைக் கேட்டார். அவள், கூடப் பிறந்தவருக்குத் துரோகம் பண்ணமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஐந்து பாட்டிலில் ஆரம்பித்து இன்றைய கூடுதல் பங்கு வரை மூச்சு விடாமல் சொன்னாள். அக்கா கடைசிவரை கேட்டார். பிறகு கத்தரிக்கோலைப் பைக்குள் திருப்பி வைத்தார்.

"சரி. நாற்காலியோடவே நாளைக்குப் படகு ஏறுங்க. ரெண்டு டிக்கெட் எடுக்கணும், அவ்வளவுதானே?"

"நாளைக்கா? எதுக்கு?"

"வீட்டுக்கு. பின்ன, இந்தக் கோலத்துல உங்களை இங்கயா விட்டுட்டுப் போவேன்?"

மச்சான் யோசித்தார். குனிந்தபடி யோசித்ததால் ரத்தம் தலைக்கு ஏறி யோசனை சீக்கிரம் முடிந்தது.

"கழிச்சாச்சு மாப்ளே."

"எல்லாத்தையுமா மச்சான்?"

"எல்லாத்தையும்தான். ஒத்தை ரூபாய் பாக்கியில்லை. கத்தரியை எடும்மா."

அக்கா தரையில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார். தையலைப் பிரிக்கிற மாதிரிதான். சட்டத்தில் முடிச்சுப் போட்ட இடமாகப் பார்த்து, குழாய் குழாயாக, பிரம்பில் ஒரு கீறல் விழாமல் கத்தரித்துக்கொண்டே வந்தார். கடைசிக் குழாய் விட்டதும் மச்சான் தொப்பென்று தரையில் விழுந்தார். நாற்காலி சட்டமாக நின்றது. கைப்பிடி இருந்தது, கால் நாலும் இருந்தது, பழைய குழாய் மட்டும் கொத்தாகக் கிடந்தது. பூச்சியம்மா ஒரு கொத்தை எடுத்துப் பார்த்து, இது நர்சரிக் குப்பையில் மலைமாதிரி கிடக்கிறதே, நாளைக்கே பின்னிவிடலாமே என்று விவரம் தெரியாமல் சொல்லிவிட்டார்.

மச்சானின் தலை மெல்ல நிமிர்ந்தது. "அப்ப நஷ்டம்னு பாத்தா..."

அக்கா கத்தரிக்கோலை மூடவில்லை. திரும்பி அவரைப் பார்க்க மட்டும் பார்த்தார்.

"கழிச்சது கழிச்சதுதான்" என்றார் மச்சான்.